ஆயாக் கொட்டகையிலிருந்து ஃபிராய்டைப் பார்த்தால்

1897 அக்டோபர் 15ஆம் தேதி சிக்மண்ட் ஃபிராய்ட் வியன்னாவிலிருந்து பெர்லினில் இருந்த நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். உளப்பகுப்பாய்வின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட கடிதங்களில் அது ஒன்று. தாயின்மேல் மகன் கொள்ளும் ஆசை, அதனால் தந்தையின்மேல் வரும் பொறாமை, இவை எல்லாக் குழந்தைக்கும் பொதுவானவை என்று அவர் முதன்முதலாக எழுதியது அதில்தான். பிற்காலத்தில் இடிப்பஸ் சிக்கல் என்று உலகம் முழுக்கப் பரவிய கருத்தின் பிறப்பிடம் அந்தக் கடிதம்.

அதே கடிதத்தில் ஒரு கிழவியும் வருகிறாள். ஃபிராய்ட் பிறந்த ஃபிரைபெர்க் ஊரில் (இன்று செக் நாட்டின் பிரிபோர்) அவரைத் தூக்கி வளர்த்த ஆயா. கத்தோலிக்கப் பெண். யூதக் குழந்தையான அவரை ஊரிலிருந்த தேவாலயங்களுக்கெல்லாம் கூட்டிப்போய், கடவுளையும் நரகத்தையும் பற்றிச் சொன்னவள். தன் திறமைமேல் தனக்கே ஒரு நல்ல எண்ணம் வரக் காரணமானவள் என்று, அதற்குச் சில நாள் முந்திய இன்னொரு கடிதத்தில் ஃபிராய்ட் அவளைச் சொல்கிறார். அவருக்கு இரண்டரை வயது தாண்டிய சமயம். அம்மா தங்கை ஆனாவைப் பெற்றுப் படுத்திருந்தார். ஆயா வீட்டில் திருடினாள் என்று தெரியவந்தது. தந்தையின் முந்திய மணத்தில் பிறந்த அண்ணன் ஃபிலிப் போய்ப் போலீஸ்காரரைக் கூட்டி வந்தார். பத்து மாதம் சிறை. பையனைப் பொறுத்தவரை, நேற்றுவரை கூடவே இருந்தவள் இன்று இல்லை.

நாற்பத்தோரு வயதில் அம்மாவிடம் கேட்டுத்தான் ஃபிராய்ட் இதைத் தெரிந்துகொண்டார். தெரிந்ததும், பல ஆண்டுகளாகப் புரியாமல் மனத்தில் கிடந்த ஒரு காட்சிக்குப் பொருள் கிடைத்தது. அம்மாவைக் காணவில்லை என்று அவர் அழுகிறார். ஃபிலிப் ஓர் அலமாரியைத் திறந்து காட்டுகிறார். உள்ளே யாரும் இல்லை. ஆயாவை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார்கள் என்று பெரியவர்கள் பேசியது குழந்தையின் காதில் விழுந்திருக்கும். அம்மாவையும் அப்படிப் பூட்டிவிட்டார்களோ என்று அது பயந்திருக்கும். ஃபிராய்டே தந்த விளக்கம் இது.

இவ்வளவையும் சொன்ன அதே கடிதத்தில், சில பத்திகள் தள்ளிக் கோட்பாடு வருகிறது. அதில் மூன்று பேர்தான்: குழந்தை, தாய், தந்தை. கிழவியைக் காணோம். காணாமல் போனவளைத் தேடித்தான் அந்த நினைவின் முடிச்சு அவிழ்ந்தது. கோட்பாட்டில் அவளுக்கு ஓர் ஓரம்கூடக் கிடைக்கவில்லை. மூவர் கொண்ட அந்தக் குடும்பமும் ஃபிராய்ட் வளர்ந்த குடும்பம் இல்லை. அவர் பிறந்தபோது தந்தைக்கு நாற்பது, தாய்க்கு இருபது. அண்ணன்மாருக்குக் கிட்டத்தட்டத் தாயின் வயது. அண்ணன் மகன் ஜான் இவரைவிட மூத்தவன். உறவுமுறையும் வயதும் ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு வீட்டிலிருந்து இப்படி நேர்க்கோட்டில் வரைந்த முக்கோணம் எப்படி வந்தது? கடிதத்துக்கு ஓராண்டுக்கு முன், 1896 அக்டோபரில், அவருடைய தந்தை இறந்தார். அந்தத் துக்கத்தில்தான் அவர் தன்னைத்தானே ஆராயத் தொடங்கினார். அப்பாவை இழந்த மகன் எழுதிய கோட்பாட்டில் அப்பா பெரிதாகத் தெரிந்ததும், வேலைக்காரி பின்னால் போனதும் நடக்கக்கூடியதுதான்.

மலாக்காவில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது என் கண் அந்தக் கிழவியிடமே நிற்கிறது. காரணம் உண்டு.

அதே 1896இல்தான் தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை வணிகத்துக்காக நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் ஆசஹானில் அவர் தொடங்கிய பெரிய தோட்டம் வந்தது. பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று மாநிலம் முழுக்கப் பால்மரக் காடு பரவியது. கப்பலில் வந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறின. ஆணும் பெண்ணும் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போயாக வேண்டும். மரத்தில் பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த வேளையில். வெயில் ஏறிவிட்டால் குறைந்துபோகும். பால்மரத்தின் அந்தக் குணம்தான், தோட்டத்துக் குழந்தை ஒரு நாளின் முதல் பாதியை யாரிடம் கழிக்கும் என்பதை முடிவு செய்தது.

அதற்காக வந்தது ஆயாக் கொட்டகை. பால் வெட்ட முடியாத வயதுக்கு வந்த ஒருத்தி, அல்லது உடம்பு முடியாத ஒருத்தி அங்கே ஆயா. தூக்கம் கலையாத பிள்ளையைத் துணியில் சுற்றி இருட்டோடு கொண்டுவந்து போடுவார்கள். வரிசையாக ஏணைகள் தொங்கும். கைக்குழந்தை முதல் ஓடி விளையாடும் பிள்ளைவரை அங்கேதான். ஒன்று அழுதால் இரண்டு எழும். கால் முளைத்த பிள்ளைகள் தவழும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். பால் மங்குகளையும் வாளியையும் கழுவி வைத்துவிட்டு அம்மா வந்து தூக்கும்வரை ஆயாவின் கைதான். பொழுது சாய்ந்தால் லயத்து வீட்டில் அம்மாவின் பக்கத்தில் தூக்கம்.

இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. கம்பெனிக்குத் தாயின் உழைப்பு வேண்டியிருந்தது. அதற்குக் கட்டிய கொட்டகை அது. அழுக்கும் சத்துக் குறைவும் நோயும் அங்கே இருந்தன. ஆனாலும் மலாக்காத் தோட்டங்களில் பிறந்த பல தலைமுறைத் தமிழர்களின் மனம் முதன்முதலில் உருவானது இரண்டு மடிகளுக்கு நடுவில். மனத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு எழுதிய பெரிய கோட்பாடுகளில் இந்த இரண்டாவது மடி எங்கே இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஃபிராய்ட் அந்தக் கடிதத்தை எழுதியபோது, இந்தியாவின் மதுராவில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு வயது ஐந்து வாரம். பெயர் வில்ஃபிரட் பியோன், பின்னாளில் உளப்பகுப்பாய்வாளர். தந்தை நீர்ப்பாசனப் பொறியாளர். குழந்தையை வளர்த்தது ஓர் இந்திய ஆயா. வயதான பிறகு எழுதி, இறந்தபின் 1982இல் வெளிவந்த தன்வரலாற்றில் பியோன் அவளைச் சுருங்கிய உடம்புக்காரியாக, அப்பா அம்மாவைவிட வயது மிகுந்தவளாக நினைவுகூர்கிறார். அம்மாவின் மடியைப் பற்றி எழுதும்போதோ, சூடாக, பாதுகாப்பாக இருந்த மடி திடீரென்று குளிர்ந்து பயமுறுத்தியது என்கிறார். எட்டு வயதில் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த நாளைய ஆங்கிலேய அதிகாரிகள் வீட்டு வழக்கம் அது. ஆயாவும் வெயிலும் ஊரும் ஒரே நாளில் போயின. அதன்பின் அவர் இந்தியாவைப் பார்க்கவே இல்லை. பம்பாய்க்கு வருவதாக இருந்தது. அதற்குள் 1979 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார்.

அந்தப் பையன் இருபது வயதில் டாங்கிப் படையில் அதிகாரி. முதல் உலகப் போர். 1918 ஆகஸ்ட் 8, பிரான்சில் ஆமியென் அருகே. குண்டு விழுந்த குழியில் அவரோடு ஸ்வீட்டிங் என்ற இளம் சிப்பாய் பதுங்கியிருக்கிறான். வெடித்த குண்டு அவன் நெஞ்சின் ஒரு பக்கத்தையே பெயர்த்துவிட்டது. என் அம்மாவுக்கு எழுதுங்கள், எழுதுங்கள் என்று அவன் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறான். பியோனால் கேட்கத் தாங்கவில்லை. வாயை மூடச் சொல்லி அதட்டுகிறார். பிறகு எழுதுகிறேன் என்கிறார். சிப்பாய் இறந்துபோகிறான். பியோன் இந்தக் காட்சியை வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் எழுதிப் பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் 8ஆம் தேதி தானும் செத்துவிட்டதாகவே சொல்வார்.

1962இல் அவர் வெளியிட்ட 'அனுபவத்திலிருந்து கற்றல்' என்ற சிறு நூலில் இருக்கும் கருத்து இது. பிறந்த குழந்தைக்குச் செத்துவிடுவோமோ என்ற பயம் வருகிறது. அதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. அழுது, அதைத் தாய்க்குள் தள்ளுகிறது. தாய் அந்தப் பயத்தை வாங்கித் தனக்குள் வைத்து, தாங்கக்கூடியதாக்கித் திருப்பித் தருகிறாள். இப்படித் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் குழந்தை யோசிக்கவே கற்றுக்கொள்கிறது. தாய் வாங்க மறுத்தால் பயம் போன வழியே திரும்பி வருகிறது. முன்பைவிடக் கொடியதாக, பெயர் சொல்ல முடியாத திகிலாக வருகிறது.

குழியில் கிடந்த அந்தச் சிப்பாயின் பயத்தை வாங்க மறுத்த இருபது வயது அதிகாரியைத் தெரிந்தவர்களுக்கு இந்த வரிகள் வேறு மாதிரி ஒலிக்கும். குளிர்ந்துபோன மடியைத் தெரிந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் கோட்பாட்டில் பயத்தை வாங்குகிறவள் தாய் மட்டும். மதுராவில் அவர் அழுதபோது தூக்கியவள் ஆயா. அவள் இங்கும் இல்லை.

இன்னொரு பிள்ளை ஜான் பௌல்பி. 1907இல் லண்டனில் ஒரு புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். அந்த வகை வீடுகளில் பிள்ளைகள் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் அம்மாவைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் பணிப்பெண்களிடம். பௌல்பியைக் கவனித்த மின்னி என்ற பெண் அவருக்கு நான்கு வயதாகும்போது வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயை இழந்த மாதிரி அந்த இழப்பு அவரைப் பாதித்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வளர்ந்து உளப்பகுப்பாய்வாளரான பௌல்பி, 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். குழந்தையின் மன நலத்துக்குத் தாயுடன், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவருடன், அன்பான தொடர்ச்சியான உறவு வேண்டும் என்றார். பிறகு பற்றுதல், பிரிவு, இழப்பு என்ற மூன்று பெரிய நூல்கள், 1969 முதல் 1980 வரை. இன்று மலேசியாவில் ஆலோசகராகப் படிக்கும் மாணவர் பௌல்பியைச் சந்திக்கிறார்.

மின்னியை இழந்தவர் கடைசியில் எழுதியது தாயின் இழப்பைப் பற்றி. "தாயின் இடத்தில் இருப்பவர்" என்ற சொற்கள் அவருடைய அறிக்கையில் இருக்கின்றன. படித்தவர்கள் மனத்தில் தங்கியது தாய் என்ற சொல்தான். வேலைக்குப் போகும் தாய் பிள்ளையைக் கெடுக்கிறாள் என்று உலகெங்கும் பேச அது வசதியாகப் போயிற்று. விடியுமுன் பெரட்டில் நின்ற நம் பாட்டிமாரையும் அந்தப் பேச்சு குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

ஐரோப்பியக் குடும்பத்தையே அளவாக வைத்த கோட்பாட்டை இந்தியாவில் முதலில் எதிர்கொண்டவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1887இல் பிறந்தவர். ஃபிராய்டைச் சந்தித்ததே இல்லை. யாரிடமும் பகுப்பாய்வுக்குப் படுத்ததும் இல்லை. தாமே படித்து, தாமே செய்து பார்த்து, 1922இல் பார்சிபாகான் சந்திலிருந்த தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். கூட்டுக்குடும்பத்தில் பிறந்து கூட்டுக்குடும்பத்திலேயே வாழ்ந்தவர். 1929இல் ஃபிராய்டுக்குத் தம் கட்டுரைகளை அனுப்பி மரியாதையோடு ஒரு மாறுபாட்டைச் சொன்னார்: ஐரோப்பிய நோயாளிகளிடம் நீங்கள் காணும் அளவுக்கு, தந்தை தன் ஆண்குறியை வெட்டிவிடுவார் என்ற பயம் என் இந்திய நோயாளிகளிடம் இல்லை, பெண்ணாக இருக்கும் ஆசை இங்கே எளிதாக மேலே வருகிறது, சமூகச் சூழலின் வேறுபாடு காரணமாக இருக்கலாம். ஃபிராய்ட் பணிவாகப் பதில் எழுதினார், தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1931இல் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்குக் கழகம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலையைத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார். போஸின் வாதத்துக்கு அந்த மேசையில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு இது வருத்தமான வரலாறு. சிலையை ஏற்ற கை அந்தக் கட்டுரைகளையும் அதே அக்கறையோடு புரட்டியிருந்தால், இந்தத் துறை அரை நூற்றாண்டு முன்னதாகவே ஐரோப்பாவை விட்டு வெளியே வந்திருக்கும்.

அந்த அரை நூற்றாண்டைக் கடந்து வந்தவர் இந்திய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் காக்கர். பொறியியல் படித்தவர். 1964இல் அகமதாபாத்தில் எரிக் எரிக்சனைச் சந்தித்து வாழ்க்கையின் திசையை மாற்றிக்கொண்டார். எரிக்சனும் தன் கதையையே கோட்பாடாக்கியவர்: பெற்ற தந்தை யார் என்று தெரியாமல், மாற்றாந்தந்தையின் பெயரில் வளர்ந்து, பின் தானே ஒரு குடும்பப்பெயரைச் சூட்டிக்கொண்டவர், 'அடையாள நெருக்கடி' என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர். காக்கர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு ஜெர்மன் ஆய்வாளரிடம் பகுப்பாய்வுக்குப் போனார். குடும்பம் என்றால் யார் யார், நெருக்கம் என்றால் எவ்வளவு என்பதில் தானும் ஆய்வாளரும் வெவ்வேறு தரையில் நிற்பதை அங்கே உணர்ந்தார். 1978இல் வந்த 'அக உலகம்' அந்த உணர்விலிருந்து பிறந்த நூல். பாட்டி, அத்தை, சித்தி, பெரியம்மா நிறைந்த வீட்டில் வளரும் இந்தியப் பிள்ளையின் மனம் அதில் கோட்பாட்டுக்குள் வந்தது. 2024 ஏப்ரலில் காக்கர் காலமானார்.

கோட்பாட்டை உண்டாக்கியவர் கதை தெரிந்துவிட்டால் கோட்பாடு பொய்யாகிவிடுமா? ஆகாது. மின்னி போனதால் பௌல்பிக்கு ஒரு கேள்வி தோன்றியது; அந்தக் கேள்விக்கான பதில் சரியா என்பதை மின்னி தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்க வேறு வேலை வேண்டும். அந்த வேலையைப் பலர் செய்திருக்கிறார்கள்.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டாவுக்குப் போனார். கம்பாலா அருகில் இருந்த ஊர்களில் 26 குடும்பங்களின் 28 குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் கவனித்தார். பௌல்பியின் கருத்துக்கு முதல் களச் சான்று லண்டன் வீடுகளிலிருந்து வரவில்லை. வயலுக்குப் போகும் தாய்மார் இருந்த ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து வந்தது. பின்னர் அவர் ஒரு சோதனை முறையை உருவாக்கினார். தாய் சிறிது நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது குழந்தை அவளை எப்படி வரவேற்கிறது என்று பார்ப்பது. 1988இல் வான் ஐசண்டோர்ன், குரோனன்பெர்க் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் எட்டு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,000 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.

நம் ஆயாக் கொட்டகைக்கு மிக அருகில் வரும் ஆய்வு இஸ்ரேலில் நடந்தது. கிபுட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளில் பிள்ளைகள் பகலெல்லாம் பொதுக் காப்பகத்தில் வளர்ந்தார்கள். சில பண்ணைகளில் இரவும் அங்கேயே தூங்கினார்கள். யாரோ ஒரு காவல்காரப் பெண் அழுகையைக் கேட்டு வருவாள். வேறு சில பண்ணைகளில் இரவில் வீட்டுக்குப் போனார்கள். 1994இல் ஆவி சாகியும் கூட்டாளிகளும் 48 குழந்தைகளைச் சோதித்தார்கள். இரவில் வீடு திரும்பிய பிள்ளைகளில் 80 விழுக்காடு தாயிடம் பாதுகாப்பான பற்றுதலோடு இருந்தார்கள். காப்பகத்திலேயே தூங்கியவர்களில் 48 விழுக்காடு. பகல் ஏற்பாடு இரு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம் இரவில் இருந்தது. ஆய்வு சிறியது, சொல்வது பெரியது. பகலில் பலர் கையில் வளர்வது தாயிடமுள்ள பற்றை அறுப்பதில்லை. இருட்டில் பயந்து அழும்போது தெரிந்த கை வருகிறதா என்பதே கேள்வி. 1997இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வும் இதே பக்கம் சாய்ந்தது. காப்பகத்தில் விடுவது தனியாக நின்று பற்றுதலைக் கெடுக்கவில்லை. வீட்டில் தாயின் கவனிப்பும் குறைவாக இருந்தபோதுதான் கெடுத்தது.

தோட்டத்துப் பிள்ளைகள் இரவில் அம்மாவின் பக்கத்தில் தூங்கியவர்கள். பெரட்டில் நின்ற பாட்டிமாரைக் கூண்டிலிருந்து இறக்க இந்தச் சான்று போதும் என்று நான் நம்புகிறேன்.

இன்றைய மலாக்கா வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் இருந்தவர்கள் நகர ஓரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்டுக்குப் போகும் இளம் தாய்க்குப் பக்கத்தில் ஆயா இல்லை. மாமியார் வேறு ஊரில். கிபுட்ஸ் ஆய்வு கவலையோடு சுட்டிய இரவு நேரம்தான் இப்போது அவளுடைய சிக்கல். அவளைச் சந்திக்கும் ஆலோசகர் கையில் இருப்பதோ லண்டன் வீட்டில் ஒரு பணிப்பெண்ணை இழந்த பிள்ளையின் கோட்பாடு. அது உதவும். ஆனால் "அம்மாவோடு உறவு எப்படி இருந்தது" என்று கேட்பதோடு நின்றுவிட்டால், தோட்டத்தில் பிறந்த ஐம்பது வயதுக்காரரின் பாதி வாழ்க்கை பேச்சிலேயே வராது. பகலில் யார் தூக்கினார்கள், அவர் எப்போது இல்லாமல் போனார், தோட்டம் மூடியபோது யாரெல்லாம் எந்தெந்தப் பக்கம் பிரிந்து போனீர்கள் என்றும் கேட்க வேண்டும். ஃபிராய்ட் தம் தாயிடம் கேட்டது இதே கேள்வியைத்தான்.

ஆயாக்கள் கண்டதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஃபிராய்ட் மனத்தின் கோட்பாட்டைப் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் நினைவுகளிலிருந்து கட்டினார். ஒரு தோட்டத்து ஆயா கைக்குழந்தைகளையே நேரில், நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில் பார்த்தவள். எந்தப் பிள்ளை அம்மா போன பின்னும் அழுகையை நிறுத்தாது, எந்தப் பிள்ளை அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தம்பி பிறந்ததும் யார் சோற்றைத் தள்ளியது, யாரைத் தூக்கினால் மற்றதும் அடங்கும், இவையெல்லாம் அவளுக்குத் தெரியும். ஐன்ஸ்வொர்த் பின்னாளில் அறையில் வைத்துச் சோதித்ததை அவள் தினமும் நண்பகலில் கொட்டகை வாசலில் பார்த்தாள். அவர்களில் எஞ்சியிருப்பவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயது; ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உளவியல் படிக்கும் நம் மாணவர்கள் ஒரு பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஐன்ஸ்வொர்த்துக்கு 26 குடும்பங்கள் போதுமாக இருந்தன.